விந்தணு போட்ட ஓட்டையைப் பார்ப்பது எப்படி?

கோழி முட்டையின் மஞ்சள் கருவைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதன் உள்ளடுக்கில் இருக்கும் புரதங்களில் குட்டிக் குட்டிச் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். விந்தணு அங்கே வந்து தொட்டதும் அதன் தலையிலுள்ள அக்ரோசோம் என்ற பை வெடித்து நொதிகள் வெளியே கொட்டும். சவ்வில் ஓட்டை விழும். அந்த வெடிப்பைத் தூண்டுவதில் சர்க்கரைக்குத்தான் முக்கியப் பங்கு. சங்கிலிகளை நொதியால் கத்தரித்துவிட்டால் விந்தணு பெரும்பாலும் சும்மா இருந்துவிடும்.

இந்தச் சர்க்கரைக்கே சாயம் ஏற்றி ஓட்டைகளைப் பார்க்கலாம். பள்ளி, கல்லூரி ஆய்வகம் போதும்.

படி 1: சேவலோடு இருக்கும் கோழியின் முட்டை ஒன்று, சேவலே இல்லாமல் வளர்ந்த கோழியின் முட்டை ஒன்று எடுங்கள். சேவலை நேற்றுப் பிரித்த கோழி உதவாது. அதன் உடலுக்குள் விந்தணுக்கள் இரண்டு, மூன்று வாரம்கூட உயிரோடு தங்கும்.

படி 2: முட்டையை உடைத்து வெள்ளைக்கருவை வழித்துவிடுங்கள். மஞ்சள் கருவின் மேல் சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும். அதை நடுவில் வைத்து, சுமார் 1 செ.மீ. சதுரமாகச் சவ்வை வெட்டி, இடுக்கியால் தூக்கி, 0.9% உப்புக் கரைசலில் மஞ்சள் போகும்வரை மெதுவாக அலசுங்கள். பொறுமை போகிற இடம் இதுதான். சவ்வு சுருண்டு ஈரக் காகிதம்போல் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி வில்லையை (ஸ்லைடு) நீருக்குள் வைத்தே அதன் மேல் விரித்தால் எளிது.

படி 3: ஆல்கஹாலில் சில நிமிடம் ஊறட்டும். ஃபார்மலின் வேண்டாம், அதுவே ஆல்டிஹைடு என்ற வகை வேதிப்பொருள். அடுத்த படியில் வரும் ஷிஃப் கரைசல் ஆல்டிஹைடை ரோஸாக்கும் சாயம், ஃபார்மலினையும் நிறமாக்கிக் குழப்பிவிடும்.

படி 4: 0.5% பெரியாடிக் அமிலம் 10 நிமிடம். இது சர்க்கரையை ஆல்டிஹைடாக மாற்றும். கழுவிவிட்டு ஷிஃப் கரைசல் 15 நிமிடம், மறுபடி குழாய்த் தண்ணீர். சவ்வு ரோஸாகச் சிவக்கும். கையுறை கட்டாயம்.

படி 5: மைக்ரோஸ்கோப்பில் 100 மடங்கு வைத்து, வெள்ளைப் புள்ளி இருந்த இடத்தைத் தேடுங்கள். ரோஸ் பரப்பில் நிறமில்லாத வட்டங்கள் கூட்டமாக இருக்கும். அவைதான் ஓட்டைகள். எண்ணிக்கையைப் பார்த்து மிரளாதீர்கள்: பறவை முட்டைக்குள் பல விந்தணுக்கள் நுழைவது சகஜம், ஆனால் முட்டையின் உட்கருவோடு சேர்வது ஒன்றுதான்.

முதல் முறை நான் காற்றுக் குமிழிகளை ஓட்டை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். குமிழியின் விளிம்பு தடித்துக் கறுப்பாக இருக்கும். சந்தேகம் வந்தால், சேவல் இல்லாத முட்டையின் சவ்வைப் பாருங்கள். அங்கேயும் அதே வட்டங்கள் தெரிந்தால் எல்லாம் குமிழிதான்.