வைக்கோலை அப்படியே போடாமல் யூரியா ஊட்டிப் போடுங்கள்

கறவை மாட்டுக்கு வைக்கோல் வயிற்றை நிரப்பும், பாலுக்கு அது போதாது. அதில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். யூரியா ஊட்டினால் இது ஏறக்குறைய இரட்டிப்பாகும், செரிமானமும் கூடும்.

100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 60 லிட்டர் தண்ணீர். யூரியா முழுவதும் கரைந்த பிறகு, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் பூவாளியால் சீராகத் தெளித்து நன்றாக மிதித்து அழுத்துங்கள். தார்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் விடவும். உள்ளே உண்டாகும் அம்மோனியாதான் நாரை இளக்குகிறது. பாயில் கிழிசல் இருந்தால் அது வெளியேறிவிடும், மிஞ்சுவது பூஞ்சணம்தான்.

அன்றாடம் தேவையானதை மட்டும் எடுத்து, நெடி குறைய ஒரு மணி நேரம் உலர்த்திப் போடுங்கள். முதல் வாரம் சாதாரண வைக்கோலுடன் கலந்து பழக்கவும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்கு இது வேண்டவே வேண்டாம். கரைசல் வாளியை மாட்டுக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். குடித்தால் உயிருக்கே ஆபத்து.

நெல் வைக்கோலில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும் என்பதால் தினமும் 50 கிராம் தாது உப்புக் கலவை அவசியம்.

கடலைக்கொடி கிடைத்தால் இந்தப் பாடே தேவையில்லை. புரதம் அதிலேயே கூடுதல். ஆனால் ஈரத்தோடு போர் போட்டுப் பூஞ்சணம் பிடித்த கொடியைக் கொடுத்தால் நஞ்சு பாலிலும் இறங்கும். சோளத்தட்டையை 2 முதல் 3 சென்டிமீட்டராக நறுக்கிப் போடுங்கள். முழுசாகப் போட்டால் இலையைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கிவிடும்.