ஷேக்ஸ்பியர் வரியைத் தட்டிப் பார்த்து பாத்திரத்தைப் பிடிப்பது எப்படி?

கல்லூரி நாடகக் குழுவுக்கோ ஆங்கில வகுப்புக்கோ முதல்முறையாக ஷேக்ஸ்பியர் நடத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு எல்லாம் கைடுகளில் கிடைக்கும், அதை விட்டுவிடலாம். மேடையில் நிற்கும் ஆள் யார் என்பது அவன் பேசும் வரியின் தாளத்திலேயே இருக்கிறது. அதனால் அர்த்தம் விளக்குவதற்கு முன்பே மாணவர்களை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்.

1. மூலம். அமெரிக்காவின் ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்தின் இணையதளத்தில் எல்லா நாடகங்களும் இலவசம். வேண்டிய காட்சியை மட்டும் வரிக்கு வரி இடம் விட்டு அச்செடுத்து, பென்சிலோடு கொடுங்கள். பக்கத்திலேயே எளிய ஆங்கிலம் போட்ட பதிப்புகள் வேண்டாம். கண் அந்தப் பக்கமே போய்விடும், மூல வரியை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள்.

2. தட்டுவது. பொதுவாக ஒரு வரிக்குப் பத்து அசை (ஆங்கிலத்தில் சிலபிள்). மெல்லியது ஒன்று, அழுத்தமானது ஒன்று என ஐந்து ஜோடி. ஜூலியட்டின் ஜன்னலைப் பார்த்து ரோமியோ சொல்லும் வரி:

பட் சாஃப்ட் / வாட் லைட் / த்ரூ யான் / டர் வின் / டோ பிரேக்ஸ்

நம் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். தமிழ் யாப்பில் குறில், நெடில், ஒற்று பார்த்து அசை பிரிக்கிறோம். அழுத்தத்துக்கு அங்கே வேலை இல்லை. அந்தப் பழக்கத்தில் பத்து அசையையும் ஒரே கனத்தில் சொல்வார்கள். 'டோ' நெடிலாகக் கேட்பதால் அதை இழுப்பார்கள், வரி அங்கேயே படுத்துவிடும். இதற்கு விளக்கம் சொல்லிப் பயனில்லை. அழுத்தமான ஐந்தை மட்டும் காலால் தரையைத் தட்டிச் சொல்லச் சொல்லுங்கள்: சாஃப்ட், லைட், யான், வின், பிரேக்ஸ். தட்டு சீரானதும், இடையில் மற்ற ஐந்தையும் கிசுகிசுப்பாக நுழைக்கட்டும். அப்புறம் தட்டுவதை நிறுத்திவிட்டு, எதிரே ஒருவரை நிறுத்தி அவரிடம் பேசச் சொல்லுங்கள். இந்தக் கடைசிப் பகுதியை விட்டால் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலவே நின்றுவிடும்.

3. தாளம் மாறும் இடம். பாத்திரம் பிடிபடுவது இங்கே. ஹாம்லெட்டின் 'டு பி ஆர் நாட் டு பி, தட் இஸ் த க்வெஸ்சன்' வரியை எண்ணினால் பதினொன்று வரும். 'க்வெஸ்சன்' என்பதன் கடைசி அசை அழுத்தமில்லாமல் தொங்குகிறது. மூன்றாம் ரிச்சர்டோ வாயைத் திறக்கும்போதே 'நவ்' என்று முதல் அசையில் அழுத்திவிடுகிறான். "ஏன் இவன் இப்படி ஆரம்பிக்கிறான்?" என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் மெக்பெத், இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. மன்னன் டங்கனைக் கொன்றுவிட்டு மெக்பெத் இறங்கி வருகிறான். முதலில் கேட்பவள் அவன் மனைவி.

— டிட் நாட் யூ ஸ்பீக்?
— வென்?
— நவ்.
— ஆஸ் ஐ டிசெண்டட்?

நாலு பேச்சு, மொத்தம் பதினோரு அசை. அதாவது கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே ஒரு வரியைப் பேசுகிறார்கள்! மாணவர்கள் பயத்தைக் காட்டுவதற்காக ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு நீளமாக நிறுத்துவார்கள். நிறுத்தாமல், ஒருவர் முடிக்கும் முன்பே மற்றவர் பிடித்துக்கொள்ளும்படி சொல்ல வையுங்கள். பயம் தானாக வரும்.

4. உரைநடைக்கு மாறினால் குறித்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் நடக்கும் லேடி மெக்பெத் பேசுவது உரைநடை. சீசரின் இறுதிச் சடங்கில் புரூட்டஸ் உரைநடையில் பேசுகிறான், ஆண்டனி செய்யுளில்.

5. பாத்திரக் குறிப்பு. மூன்றே தலைப்பு: தன்னைப் பற்றி என்ன சொல்கிறான், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள், உண்மையில் என்ன செய்கிறான். மெக்பெத்தை வீரன் என்கிறார் படைத்தலைவர். இவனுக்கு மனிதப் பரிவு அதிகம் என்று கவலைப்படுகிறாள் மனைவி. தன்னைத் தூண்டுவது பேராசை ஒன்றுதான் என்கிறான் அவனே. மூன்றும் ஒட்டாத இடத்தில்தான் நடிப்பதற்கு விஷயம் இருக்கிறது. "அவனுக்குப் பிடித்த நிறம் என்ன" மாதிரிக் கேள்விகள் எனக்கு உதவியதே இல்லை.

6. தனித்தாள். அன்றைய லண்டன் நடிகர்களுக்கு முழு நாடகமும் கையில் கிடைக்காது. தன் வசனமும், அதற்கு முன் பேசுபவரின் கடைசி ஓரிரு சொற்களும்தான். எட்வர்ட் ஆலின் என்ற நடிகரின் அப்படிப்பட்ட தாள் இன்றும் டல்விச் கல்லூரியில் இருக்கிறது. மாணவர்களுக்கும் அப்படியே கொடுங்கள். தன் முறை எப்போது வரும் என்று தெரியாததால் எதிராளி பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும்.

பின்சேர்க்கை: வகுப்பில் அறுபது பேர், எல்லோரையும் எப்படி நடிக்க வைப்பது என்று ஒரு ஆசிரியர் கேட்டிருந்தார். மேலே சொன்ன மெக்பெத் காட்சியை ஜோடி ஜோடியாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரு ஜோடி பேசும்போது மற்றவர்கள் மேசையில் தாளம் தட்டட்டும்.

இன்னும் சிலருக்கு எண்ணிக்கை ஒன்றிரண்டு குறைகிறதாம். சொல் முடிவில் வரும் 'எட்' ஒலியைப் பாருங்கள். பல பதிப்புகளில் அந்த எழுத்தின் மேல் சாய்கோடு போட்டிருந்தால் அதைத் தனி அசையாகச் சொல்ல வேண்டும். ரோமியோ நாடுகடத்தப்பட்ட செய்தி கேட்டு ஜூலியட் சொல்லும் 'தட் பேனிஷெட், தட் ஒன் வேர்ட் பேனிஷெட்' வரியில் 'பேனிஷ்ட்' அல்ல, 'பே-னி-ஷெட்'. அது இரண்டு முறை வருகிறது. இரண்டையும் மூன்று அசையாகச் சொன்னால் சரியாகப் பத்து வரும்.