நடமாட்டம் குறைந்தவர்கள் பூனைக்கு ஸ்கிராட்சிங் போஸ்ட் வாங்கும்போது செய்யும் தவறுகள்

பூனை நகத்தால் பிராண்டுவதற்கென்றே விற்கும் தூண்தான் ஸ்கிராட்சிங் போஸ்ட். எதை எடுத்துப் பார்த்தாலும் அதன் விளக்கம் முழுக்கப் பூனையைப் பற்றியே இருக்கும். அதை யார் பூட்டுவது, யார் நகர்த்துவது, கீழே உதிர்வதை யார் குனிந்து பெருக்குவது என்று ஒரு வரி இருக்காது. மூட்டு வலி, முதுகு வலி, வாக்கர், வீல்சேர், கை நடுக்கம் என்று ஏதோ ஒன்றோடு இருப்பவர்களுக்கு அந்தக் கேள்விகள்தான் முக்கியம்.

தூக்க லேசாக இருக்கிறதே என்று வாங்குவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பூனை பிராண்டும்போது நகத்தை மட்டும் தேய்ப்பதில்லை, பின்னங்காலில் நின்று உடம்பை முழுக்க நீட்டி, நகத்தை ஊன்றி, தன் எடையைப் போட்டுக் கீழ்நோக்கி இழுக்கிறது. அந்த நேரத்தில் தூண் ஆடினாலோ சாய்ந்தாலோ பல பூனைகள் மறுபடி அந்தப் பக்கமே போகாது, சோபா எப்போதும் ஆடாமல் நிற்கிறதே, அங்கே போய்விடும். சரி, கனமானதாக வாங்கலாம் என்றால் பெருக்கித் துடைக்கும்போது அதை ஒரு அடிகூடத் தள்ள உங்களால் முடியாது. பூனைக்குக் கனம் வேண்டும், உங்களுக்கு லேசு வேண்டும், இரண்டையும் ஒரே தூணில் தேடினால் கிடைக்காது. அதனால் எடையை நம்பாமல் இடத்தில் பொருத்தி வைப்பதுதான் வழி. சுவரில் திருகு போட்டு மாட்டும் பலகை இந்த விஷயத்தில் எனக்கு முதல் தேர்வு: ஒருமுறை யாரையாவது வைத்து மாட்டிவிட்டால் அப்புறம் தூக்க வேண்டியதே இல்லை, அடியில் இடம் விட்டு மாட்டினால் துடைப்பமும் தாராளமாகப் போகும். சுவரில் துளை போட முடியாதவர்கள் தட்டையான அகல அடிப்பலகை உள்ள தூணை எடுத்து, பலகையின் ஒரு பக்கத்தைக் கனமான சோபா காலுக்கு அடியில் செருகிவிடலாம். ஒட்டும் டேப்பை மட்டும் நம்பி மாட்டாதீர்கள், தினமும் இழுக்கிற இழுப்பில் அது ஒருநாள் பூனையோடு சேர்ந்து பெயர்ந்து வரும்.

உயரத்திலும் ஏமாறுவது உண்டு. வளர்ந்த பூனை முழுக்க நீட்டிப் பிராண்ட ஏறக்குறைய 80 முதல் 90 செ.மீ. வேண்டும், இடத்தை அடைக்காது என்று வாங்கும் குட்டைத் தூண்களில் அது முடியாது. பூனையைப் பிடித்து அளக்கவெல்லாம் வேண்டாம். ஏற்கெனவே சோபாவிலோ கதவிலோ கீறி வைத்திருக்கும் அல்லவா, அதில் மிக உயரத்தில் உள்ள கீறலைப் பாருங்கள், தூண் அதற்கும் கொஞ்சம் மேலே போக வேண்டும். அந்தக் கீறல்கள் எல்லாம் தரைவிரிப்பில்தான் இருக்கின்றன என்றால் உங்கள் பூனைக்குத் தூணே வேண்டாம், படுக்கை வசமான பலகை போதும்.

எங்கே வைப்பது என்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மூலையில் வைத்தால் பூனை சீண்டாது. அதற்குப் பிராண்டுவது தன் இடம் என்று அடையாளம் போடும் வேலையும்தான், பாதத்தில் உள்ள சுரப்பிகளின் வாசனையை அங்கே பதிக்கிறது, அதனால் ஆட்கள் புழங்கும் இடத்திலும் தூங்கி எழும் இடத்துக்குப் பக்கத்திலும்தான் அது பிராண்ட விரும்பும். அதற்காக நடுவழியில் வைத்தால் ராத்திரி எழுந்து கழிவறைக்குப் போகும்போது உங்கள் கால் அதில் மோதும். தூணைவிட அதன் அடிப்பலகைதான் ஆபத்து, உயரம் குறைவு என்பதால் கண்ணில் படாது, வாக்கரின் கால் அதில் மாட்டிக்கொள்ளும். தரையின் நிறத்திலேயே பலகை வாங்காதீர்கள். வீல்சேர் போகும் வழி 90 செ.மீ.க்குக் குறையக்கூடாது, திரும்பும் இடத்தில் 150 செ.மீ. வட்டம் காலியாக இருக்க வேண்டும். கட்டிலில் நீங்கள் இறங்காத பக்கம், சோபாவின் வெளிப்பக்கக் கைப்பிடி ஓரம், இவை பெரும்பாலும் சரியாக வரும். வாங்கும் முன்பே அடிப்பலகையின் அளவுக்குத் தரையில் டேப் ஒட்டித் தரச் சொல்லி, அந்த இடத்தில் உங்கள் கால் படுகிறதா என்று சில நாள் பாருங்கள்.

யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. 90 செ.மீ. என்பது கிட்டத்தட்ட மாடிப்படிக் கைப்பிடியின் உயரம். தடுமாறும்போது கை யோசிக்காது, பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பிடிக்கும், தூணும் நீங்களும் சேர்ந்து விழுவீர்கள். நாற்காலியிலிருந்து எழும் இடம், குளியலறை வாசல் போன்ற இடங்களில் தூண் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். சுவரில் மாட்டிய பலகையும் மனிதர் எடையைத் தாங்குவதற்குச் செய்ததல்ல.

அட்டையில் செய்தவை பூனைகளுக்குப் பிடிக்கும், விலையும் குறைவு, ஆனால் துகள் துகளாக உதிர்த்துத் தள்ளும். தினமும் குனிய முடியாதவர்கள் வாங்கினால் விளிம்பு வைத்த தட்டுக்குள் இருக்கிற மாதிரி வாங்குங்கள். கற்றாழை போன்ற ஒரு செடியின் நாரில் திரித்த சிசல் கயிறு நன்றாக உழைக்கும், நாள்பட நுனி அவிழ்ந்து தொங்கும். சிசலைத் துணியாக நெய்து ஒட்டியதில் அவிழ்வதற்குக் கயிறு இல்லை. கார்பெட் சுற்றியது வேண்டாம், அதன் வளையங்களில் நகம் மாட்டும், தரையில் இருக்கிற கார்பெட்டையும் கீறலாம் போல என்று பூனை நினைத்துக்கொள்ளும். பிய்ந்துவிட்டது என்று உடனே தூக்கியும் போடாதீர்கள், அதன் வாசனை ஏறிய பழையதுதான் பூனைக்குப் பிடித்தது. புதியதைப் பக்கத்தில் வைத்து, பழகிய பிறகு பழையதை எடுங்கள்.

பல தூண்கள் பிரித்துத்தான் வரும். கூடவே வரும் அந்தக் குட்டிச் சாவியை வலிக்கும் விரலால் திருகுவது பெரும் பாடு. பூட்டிய நிலையில் கொண்டுவந்து தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். ஒருமுறை பூட்டினாலும் போகப்போகத் திருகு தளரும், வீட்டுக்கு வந்துபோகும் யாரிடமாவது அவ்வப்போது இறுக்கித் தரச் சொல்லிவையுங்கள். பூனை ஏறி உட்காரப் பல அடுக்கு வைத்து, மரம் மாதிரி உயரமாகச் செய்தது பார்க்க அழகுதான், ஆனால் மருந்து கொடுக்கவோ மருத்துவரிடம் கொண்டுபோகவோ வேண்டிய நாளில் பூனை உச்சிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் யார் ஏறுவது? உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்துக்கு மேல் ஒளிந்துகொள்ளும் இடம் இல்லாததாகப் பாருங்கள்.

தூண் வாங்கிவிட்டால் நகம் வெட்ட வேண்டாம் என்பதும் தவறான எண்ணம். பிராண்டும்போது நகத்தின் பழைய மேலுறைதான் கழன்று விழுகிறது, உள்ளேயிருந்து வருவது இன்னும் கூர்மையாக இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் தோல் மெலிந்துபோன முதியவர்களுக்கும் ஒரு சின்னக் கீறலே தொல்லை. கை நடுங்கினால் நீங்களே வெட்ட முயலாமல் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். வயதான பூனைக்கு இது இன்னும் முக்கியம், அது பிராண்டுவது குறைந்து நகம் தடித்து வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்தலாம். மூட்டு வலி அதற்கும் வருமே, நின்று நீட்ட முடியாத பூனைக்குத் தாழ்வான சாய்வுப் பலகைதான் ஏற்றது.

கடைசியாக, பழக்குகிறேன் என்று முன்னங்காலைப் பிடித்துத் தூணில் தேய்க்காதீர்கள், அதற்குப் பிடிக்காது, உங்கள் கைதான் கீறுபடும். நீளக் குச்சியில் இறகு கட்டிய பொம்மையை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூண்மேல் ஆட்டுங்கள், பிடிக்கப் பாயும்போது நகம் தானாகப் பதியும். பூனைகளைக் கிறங்கவைக்கும் கேட்னிப் என்ற மூலிகையைத் தூவிப் பார்க்கலாம், ஆனால் எல்லாப் பூனையும் அதற்கு மயங்காது, குட்டிகள் சில மாதம் ஆகும்வரை கண்டுகொள்வதே இல்லை. தூணைத் தொடர்ந்து பயன்படுத்த ஆரம்பிக்கும்வரை சோபா ஓரத்தை ஒரு தடித்த போர்வையால் மூடி, விளிம்பை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகிவையுங்கள், தரையில் தொங்கவிட்டால் அதுவும் காலைத் தட்டும்.