குதிரைக் காலில் காயம்: தழும்பின் அளவை முதல் இரண்டு வாரம்தான் தீர்மானிக்கிறது

தஞ்சை, திருவாரூர், நாகை, காரைக்கால் பக்கம் குதிரை வளர்ப்பவர்கள் காயம் ஆறிய பிறகு வந்து "தழும்பு மறைய என்ன தடவலாம்?" என்று கேட்கிறார்கள். அதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. முட்டிக்குக் கீழே பட்ட காயம் எவ்வளவு பெரிய தழும்பாக நிற்கும் என்பது முதல் சில மணி நேரத்திலும் அடுத்த இரண்டு வாரத்திலும் நாம் செய்வதைப் பொறுத்தது. பிறகு தடவும் எந்தக் களிம்பும் முடி இல்லாத இடத்தில் முடியை வரவழைக்காது.

காரணம் இதுதான். முட்டிக்குக் கீழே குதிரைக்குத் தசை கிடையாது. எலும்பு, தசைநாண், அதன்மேல் இழுத்துக் கட்டினாற்போல் தோல், அவ்வளவே. ரத்த ஓட்டம் குறைவு, அசைவு அதிகம், அழுக்கு எப்போதும் உண்டு. மார்பிலோ தொடையிலோ பட்ட காயத்தில் சுற்றியுள்ள தோல் உள்நோக்கிச் சுருங்கி வாயை மூடிவிடும். அது முடியும் வியர்வைச் சுரப்பியும் உள்ள அசல் தோல் என்பதால் தழும்பு சிறிதாகவே நிற்கும். காலிலோ முதல் இரண்டு வாரம் காயம் சுருங்குவதற்குப் பதில் விரிகிறது. அந்த விரிந்த பரப்பை ஓரத்திலிருந்து ஊர்ந்து வரும் மெல்லிய புதுத்தோல் மூட வேண்டும். அது நாளொன்றுக்கு 0.1 மி.மீ. அளவுகூட நகர்வதில்லை. அப்படி மூடிய இடம் முடியில்லாமல், பளபளப்பாக, லேசில் வெடிக்கிற தோலாக நிற்கும். ஆகவே புதுத்தோல் மூட வேண்டிய பரப்பைச் சிறிதாக வைப்பதே முழு வேலையும்.

மட்டக்குதிரைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. பந்தய வண்டியில் பூட்டும் பெரிய குதிரைக்கு ஒரு மாதம் இழுக்கும் காயம் கரிச்சான் வகைச் சிறிய குதிரைக்குச் சீக்கிரம் ஆறுவதைக் காணலாம். அதை வைத்துப் பெரிய குதிரைக்குக் கணக்குப் போடக்கூடாது.

முதல் ஒரு மணி நேரம்

குதிரையை நிழலில், சமதரையில் நிறுத்துங்கள். தலையைப் பிடிப்பவரும் காயத்தைப் பார்ப்பவரும் ஒரே பக்கம் நிற்க வேண்டும். பின்காலில் காயம் என்றால் அதே பக்க முன்காலை ஒருவர் தூக்கிப் பிடித்தால் உதை குறையும்.

ரத்தம் கொட்டினால் மடித்த சுத்தமான துணியை வைத்து அழுத்தி 10 முதல் 15 நிமிடம் பிடியுங்கள். நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். துணி நனைந்தால் மேலேயே இன்னொன்றை வையுங்கள். 300 கிலோ குதிரைக்கு உடலில் ஏறக்குறைய 24 லிட்டர் ரத்தம் இருக்கிறது. தரையில் சிந்திய ஒரு லிட்டரைப் பார்த்துப் பயந்து மேலே கயிற்றை முறுக்கிக் கட்டாதீர்கள். அந்தக் கட்டு காலையே கெடுக்கும்.

காயத்துக்குள் எதையும் போடக்கூடாது. மஞ்சள்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில், காப்பித்தூள், ஊதாநிற மருந்து எதுவும் வேண்டாம். பொடியும் எண்ணெயும் ஒட்டிய காயத்தை மருத்துவரால் சுத்தமாகத் தைக்க முடியாது. ஹைட்ரஜன் பெராக்சைடும், நீர் கலக்காத டெட்டாலும், ஸ்பிரிட்டும் கிருமியோடு சேர்த்து ஆற வேண்டிய உயிரணுக்களையும் கொல்லும். தொங்கும் தோலை வெட்டி எறியாதீர்கள். அது செத்ததுபோல் தெரிந்தாலும், ஒரு வாரம் காயத்தை மூடியிருந்தால்கூட அடியில் உள்ளதைக் காப்பாற்றும். மேல்பக்கம் ஒட்டிக்கொண்டு கீழே தொங்கும் தோலுக்குப் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. கீழ்ப்பக்கம் மட்டும் ஒட்டியிருப்பதற்கு ரத்தம் வருவது குறைவு.

கழுவுவதற்கு உப்பு நீர்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. கல்லுப்பைக் கரண்டியால் அளந்தால் பிசகும், எடை போடுங்கள். இல்லாவிட்டால் மருந்துக்கடையில் 500 மி.லி. நார்மல் சலைன் பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று லிட்டராவது தேவை. 50 மி.லி. சிரிஞ்சில் 18ஆம் எண் ஊசி பொருத்தி, ஒரு சாண் தூரத்திலிருந்து பீய்ச்சினால் மண் வெளியேறும் அளவு அழுத்தம் கிடைக்கும். மோட்டார் பம்பின் முழு வேகத்தில் அடித்தால் அழுக்கு உள்ளே போகும். போவிடோன் அயோடின் சேர்ப்பதென்றால், கடையில் கிடைக்கும் 5 சதவீத பாட்டிலில் 20 மி.லி.யை ஒரு லிட்டர் உப்பு நீரில் கலக்குங்கள். நிறம் பால் விடாத இளந்தேநீர்போல் இருக்க வேண்டும். அதைவிட அடர்த்தி கூடினால் பயனைவிடக் கெடுதல் அதிகம்.

வாய்க்கால், குளம், ஆற்றுத் தண்ணீர் காயத்தில் படவே கூடாது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்த உற்சாகத்தில் குதிரையை இறக்கிக் குளிப்பாட்டுவது வழக்கம்தான். காயம் மூடும்வரை அதை நிறுத்துங்கள். காரணம் பின்னால் வருகிறது.

கழுவிய பின் சலைனில் நனைத்த காஸ் துணியை வைத்து, மேலே பஞ்சு சுற்றி, லேசாகக் கட்டி மருத்துவரை அழையுங்கள். 1962 எண்ணில் கால்நடை ஊர்தியைக் கூப்பிடலாம். பெரிய காயமென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவதே நல்லது.

எதற்குக் காத்திருக்கவே கூடாது

கணு, முட்டி, பின்னங்கால் முட்டி ஆகிய மூட்டுகளுக்கு அருகில் பட்ட காயம் விரல்நுனி அளவே இருந்தாலும் அவசரம். உள்ளே மூட்டுப்பை திறந்திருந்தால் மஞ்சளாய், விரலில் இழைபோல் நீளும் பிசுபிசுத்த நீர் கசியும். அது வெளியேறிக்கொண்டிருக்கும்வரை குதிரை நன்றாகவே நடக்கும். வாய் அடைபட்டு உள்ளே சீழ் கட்டியபின்தான் காலை ஊன்றாது. அப்போது பிழைக்கவைப்பதே பாடு. "சின்னக் குத்துதானே, நன்றாகத்தானே நடக்கிறது" என்று விட்டதால் போன குதிரைகள் ஏராளம்.

சீமைக் கருவேல முள் குத்தினால் நுனி உள்ளேயே ஒடிந்து நிற்கும். மேல்வாய் மூடி, ஒரு வாரத்தில் வீங்கி, உடைந்து, மறுபடி மூடும். இந்தச் சுற்று நிற்காவிட்டால் உள்ளே முள் இருக்கிறது என்று கொள்ளுங்கள். ஸ்கேன் வைத்துத் தேட வேண்டும்.

ரணஜன்னி (டெட்டனஸ்): மண்ணிலும் சாணத்திலும் இதன் வித்துகள் உண்டு, குதிரையைப்போல் இதற்கு எளிதில் பலியாகும் கால்நடை வேறில்லை. கடைசித் தடுப்பூசி போட்டு ஆறு மாதம் தாண்டியிருந்தால் ஒரு ஊக்க ஊசி. ஊசியே போடாத குதிரைக்கு 1,500 யூனிட் எதிர்நச்சு ஊசியும், உடலின் வேறொரு இடத்தில் தடுப்பூசியின் முதல் தவணையும், நான்கு வாரத்தில் இரண்டாம் தவணையும். தேதியைக் கொட்டில் சுவரிலேயே எழுதிவையுங்கள்.

தையல்

காயம் பட்டு 6 முதல் 8 மணி நேரத்துக்குள், சுத்தமாக இருந்தால், தைத்துவிடுவதே தழும்பைக் குறைக்க இருக்கும் ஆகச்சிறந்த வழி. மிக அழுக்கான காயத்தை இரண்டு மூன்று நாள் கட்டுப்போட்டுச் சுத்தம் செய்து பிறகும் தைக்கலாம். முழுதும் மூட முடியாவிட்டால் பாதியையாவது மூடச் சொல்லிக் கேளுங்கள். பத்து செ.மீ. காயத்தில் ஆறு செ.மீ. ஒட்டிக்கொண்டால் மீதி நாலு செ.மீ.தான் புதுத்தோலின் பொறுப்பு. காலில் போட்ட தையலை 14 நாளுக்கு முன் பிரிக்கக்கூடாது. சில தையல் அறுந்தால் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

கணுவுக்குக் கீழும் குதிகால் பக்கமும் தைத்தால் ஒவ்வோர் அடியிலும் வாய் திறந்து மூடும். அங்கே மருத்துவர் மாவுக்கட்டோ, கெட்டியான பஞ்சுக்கட்டின்மேல் நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாயைச் சட்டமாக வைத்தோ அசைவை நிறுத்துவார். கட்டுக்கயிறு அறுத்த காயம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வரும். குதிரை வளர்ப்பவர்கள் கால் கட்ட நைலான் கயிறு வாங்குவதை விட்டொழிக்க வேண்டும்.

கட்டுப்போடும் முறை

வாங்கிவைக்க வேண்டியவை: ஒட்டாத பாரஃபின் வலைத்துணி, காஸ், 500 கிராம் பஞ்சுச் சுருள் இரண்டு, 15 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜ் இரண்டு, ஒட்டும் எலாஸ்டிக் பேண்டேஜ் ஒன்று.

காயத்தில் ஈரமான காஸை வைத்து மூடிக்கொண்டு சுற்றியுள்ள முடியை வெட்டுங்கள். வெட்டிய முடி உள்ளே விழக்கூடாது. அடுத்து வலைத்துணி, அதன்மேல் காஸ், அதன்மேல் பஞ்சு. குளம்பு விளிம்பிலிருந்து முட்டிக்குச் சற்றுக் கீழ்வரை பஞ்சு முழுதாக வர வேண்டும். காயம் இருக்கும் இடத்தில் மட்டும் சிறு கட்டுப் போட்டால் அது நழுவி, கீழே வீங்கவைக்கும். பஞ்சு அழுத்தியபின் இரண்டு செ.மீ. கனமாவது நிற்கட்டும். மெல்லிய பஞ்சின்மேல் இறுக்கியதுதான் பின்பக்கத் தசைநாணை நசுக்கும். அந்த அழுத்தப் புண் ஆறினால் அங்கே வெள்ளை முடி முளைக்கும், ஆக நாமே இரண்டாவது தழும்பை உண்டாக்கியவர்கள் ஆவோம். காலின் முன்பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கம் வழியாகப் பின்னால் கொண்டுபோய்ச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடட்டும். மேல் விளிம்பில் பேண்டேஜைத் தாண்டி ஒரு விரல் அளவு பஞ்சு தெரிய வேண்டும். மேலே ஒரு விரல் சிரமத்தோடு நுழைந்தால் இறுக்கம் சரி.

எதிர்க்காலுக்கும் சாதாரணக் கட்டு போடுங்கள். காயப்பட்ட காலைத் தூக்கி நிற்கும் குதிரை முழு எடையையும் எதிர்க்காலில் ஏற்றுகிறது. நாள் நீண்டால் அந்தக் குளம்பே கெடும்.

நீர் கசியும் முதல் வாரம் தினமும் அல்லது ஒருநாள் விட்டு மாற்றுங்கள். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை. கட்டு நனைந்தால், நழுவினால், கடிக்கத் தொடங்கினால் கணக்குப் பார்க்காமல் உடனே பிரியுங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நனைந்த கட்டை ஒருநாள் விடுவது கட்டே இல்லாமல் விடுவதைவிட மோசம். பாலிதீனால் முழுக்கட்டையும் சுற்றினால் உள்ளே வியர்த்து ஊறும். குளம்புப் பக்கம் மட்டும் தார்ப்பாய்த் துண்டைக் கட்டி, மழை விட்டதும் அவிழ்த்துவிடுங்கள். தரையில் உலர்ந்த வைக்கோல் போடுங்கள். உமி வேண்டாம், அது கட்டுக்குள் புகுந்து காயத்தில் குத்தும்.

ஒவ்வொரு மாற்றத்திலும் பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரே கோணத்தில் போனில் படம் எடுங்கள். காயம் விரிகிறதா சுருங்குகிறதா என்று கண்ணால் நினைவு வைத்துச் சொல்ல முடியாது.

சதை பொங்குவது

நாலைந்து நாளில் காயத்தின் அடியில் சிவந்த, மணிமணியான இளஞ்சதை எழும். அது வேண்டும், அதன்மேல்தான் புதுத்தோல் நடக்க முடியும். தோல் மட்டத்தைத் தாண்டி மேலே பொங்கினால்தான் ஆபத்து. புதுத்தோலால் அந்த மேட்டில் ஏற முடியாது, காயம் மாதக்கணக்கில் திறந்தே நிற்கும். ஆறாத கிருமித்தொற்று, ஓயாத அசைவு, எரிக்கும் மருந்து, உள்ளே தங்கிய முள் அல்லது எலும்புச் சில்லு ஆகியவை அதைத் தூண்டும். சதை தோல் மட்டத்துக்கு வந்தபிறகும் இறுக்கமாகக் கட்டிக்கொண்டே இருப்பதும் தூண்டும்.

இங்கே பலரும் மயில்துத்தம் வைத்துக் கருக்குகிறார்கள். மேடு கரையும், உண்மைதான். கூடவே ஓரத்தில் அரும்பிய புதுத்தோலும் எரிந்துபோகும். ஒரு மாத வளர்ச்சி ஒரு நாளில் போய்விடும், தழும்பு இன்னும் அகலும். சிறிய மேட்டுக்கு மருத்துவர் சொல்லும் ஸ்டீராய்டு களிம்பை ஓரிரு முறை, மெல்லிதாக, தொற்று இல்லாதபோது மட்டும் போடலாம். தொடர்ந்து போட்டால் ஆறுவதே நின்றுவிடும். பெரிய மேட்டை மருத்துவர் கத்தியால் தோல் மட்டத்துக்குச் சீவுவார். அதில் நரம்பு இல்லை, வலிக்காது. ரத்தம் மட்டும் நிறைய வரும், அழுத்தக் கட்டுப் போட்டால் நிற்கும். ஓரத்து இளஞ்சிவப்பு வளையத்தைத் தொடாமல் சீவ வேண்டும் என்பதால் இதை வீட்டில் செய்யாதீர்கள்.

உள்ளங்கையைவிடப் பெரிய காயமென்றால், இளஞ்சதை தட்டையாகச் சுத்தமாக நிற்கும் கட்டத்தில் தோல் ஒட்டு வைக்கலாமா என்று கேளுங்கள். பிடரி மயிருக்கு அடியில் கழுத்திலிருந்து சிறு வட்டத் துண்டுகளை எடுத்து நடுவார்கள். நின்றபடியே, மரத்துப்போகும் ஊசியோடு முடியும் வேலை. ஒவ்வொரு துண்டும் தனித்தனி ஓரமாக இருந்து தோலைப் பரப்பும்.

ஆறு வாரமாகியும் ஒரு சிறு துளையிலிருந்து சீழ் வந்துகொண்டே இருந்தால் எக்ஸ்ரே எடுங்கள். தோல் உரிந்து காய்ந்த எலும்பின் மேல்தகடு செத்துப் பிரிந்து கிடக்கலாம். அதை எடுக்காமல் எந்த மருந்தும் ஆற்றாது.

டெல்டாவின் தனிப்பட்ட இரண்டு எதிரிகள்

ஈக்கள் குடற்புழு ஒன்றின் இளம்புழுவைக் காயத்தில் விட்டுச்செல்லும். அரிசிக்குறுணைபோல மஞ்சள் மணிகளோடு சதை பொங்கி, அரிக்கும். ஐவர்மெக்டின் குடற்புழு மருந்தை மருத்துவர் எடைக்கேற்பத் தருவார். வேப்பெண்ணெயைக் காயத்தைச் சுற்றிய தோலில் தடவுங்கள், உள்ளே அல்ல. சாணத்தைத் தினமும் இருவேளை அள்ளுங்கள்.

மற்றது பித்தியம். வெதுவெதுப்பான தேங்கிய நீரில், வயலிலும் குட்டையிலும் வாழும் நுண்ணுயிர். சிறு கீறல் வழியே காலில் ஏறி, சில வாரங்களில் தட்டு அளவு புண்ணாகும். பசைபோன்ற நீர் நூலாகத் தொங்கும். உள்ளே மஞ்சள் நிறத்தில் கல்போன்ற கட்டிகள் இருக்கும். அரிப்புத் தாங்காமல் குதிரை தன் காலையே கடிக்கும். சாதாரணச் சதைப்பொங்கல் இப்படி அரிக்காது, இவ்வளவு வேகமாகவும் வளராது. சிறிதாக இருக்கும்போதே வெட்டி எடுத்தால்தான் பிழைக்கும். ஆகவே அரிக்கும் புண்ணை மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்.

தீனியும் பிறகும்

கொட்டிலில் நிற்கும் குதிரைக்குத் தானியத்தைப் பாதியாகக் குறையுங்கள், புரதத்தைக் குறைக்காதீர்கள். வெறும் வைக்கோலில் தோல் வளராது. குதிரை மசால் அல்லது வேலிமசால், வேகவைத்த கொள்ளு கொஞ்சம் சேருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் நடமாட்டம் கொட்டிலுக்குள் மட்டும், பிறகு கையில் பிடித்துப் பத்து நிமிட நடையில் தொடங்குங்கள்.

முழுதும் மூடிய பின் தினம் இருமுறை ஐந்து நிமிடம் வாசலின் அல்லது தேங்காயெண்ணெய் தடவி விரலால் நீவினால் தழும்பு அடியிலுள்ள எலும்போடு ஒட்டிக்கொள்ளாமல் நெகிழ்வாக இருக்கும். முடியில்லாத வெளிர்தோலுக்கு வெயிலில் துத்தநாகக் களிம்பு போடுங்கள். கணுவுக்குக் கீழே தழும்புள்ள குதிரையைச் சேற்றில் நிறுத்தினால் அது வெடிக்கும். நடவுக் காலத்தில் கொட்டிலுக்குத் திரும்பியதும் காலைக் கழுவி, துணியால் ஒற்றி உலர்த்துங்கள். மூடிய தோல் விரலால் நீவும்போது வெடிக்காமல் இரண்டு வாரம் நின்றபிறகே வண்டியில் பூட்டுங்கள்.