விபத்து வழக்கின் ரிட் சம்மன் கைக்கு வந்தால்

காரோ மோட்டார் சைக்கிளோ மோதிக் காயம்பட்டவர் 6 ஆண்டுகள் வரை வழக்குத் தொடரலாம். அதனால் மறந்தே போன ஒரு விபத்துக்காக, கோலாலம்பூர் செஷன்ஸ் நீதிமன்றத்திலிருந்து மலாய் மொழியில் ஒரு ரிட் சம்மன், அதாவது உங்கள் மீது வழக்குப் போடப்பட்டிருப்பதைத் தெரிவிக்கும் ஆவணம், திடீரென்று வீடு தேடி வரலாம். முன்பு போலீஸ் சம்மனைத் தள்ளுபடி அறிவிக்கும் வரை போட்டு வைத்ததைப் போல இதை அலமாரியில் போட்டு வைக்கவே கூடாது.

கிடைத்த தேதியை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ரிட் கையளிக்கப்பட்ட 14 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் முன்னிலைக் குறிப்பு (வழக்கை எதிர்கொள்ள முன்வருவதைத் தெரிவிக்கும் படிவம்) தாக்கல் செய்யப்பட வேண்டும். தவறினால் உங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு வந்துவிடலாம்.

அன்றைக்கே, ஆம், அன்றைக்கே, விபத்து நடந்தபோது காருக்கு இருந்த காப்புறுதி நிறுவனத்திடம் எல்லாப் பக்கங்களின் நகலையும் கொடுங்கள். இப்போதைய நிறுவனம் வேறாக இருக்கலாம், கவனம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்பிச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நிறுவனமே வழக்கறிஞரை அமர்த்தும். அதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளாமல் சும்மா இருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. போலீஸ் புகாரின் நகல், படங்கள், பழைய பாலிசி ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

எதிர்த்தரப்பினர் அழைத்தால் மரியாதையாகப் பேசலாம். ஆனால் தவறு என்னுடையதுதான் என்றோ இவ்வளவு தருகிறேன் என்றோ சொல்லிவிடாதீர்கள். காப்புறுதிப் பாதுகாப்பே சிக்கலாகும்.

காப்புறுதி காலாவதியாகியிருந்ததா? தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவித் துறையில் விசாரிக்கலாம்.