கிரகண நிலவில் விண்கல் மோதுவதைப் பதிவு செய்வது எப்படி?

முழு சந்திர கிரகணம் வந்தால் நான் புகைப்படம் எடுக்க மாட்டேன். தொடர்ந்து வீடியோதான். விண்கல் நிலவில் மோதும்போது எழும் ஒளி பெரும்பாலும் நொடியில் பத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. மற்ற பௌர்ணமிகளில் நிலவின் வெளிச்சம் அதை விழுங்கிவிடும். கிரகணத்தில் மட்டுமே முழு வட்டமும் இருண்டு கிடக்கும்.

2019 ஜனவரி 21 கிரகணத்தில், முழுமை (நிலவு முழுதும் பூமியின் நிழலுக்குள் இருக்கும் கட்டம்) தொடங்கி அரை நிமிடம்கூட ஆகாத நிலையில், உலகப் பொது நேரம் (யு.டி.சி) 04:41:38-க்கு ஒரு கல் மோதியது. நிலவு மோதல்களைக் கண்காணிக்கும் ஸ்பெயினின் மிடாஸ் திட்டத் தொலைநோக்கிகளில் அது 0.28 நொடி தெரிந்தது. சுமார் 45 கிலோ எடை, மணிக்கு 61,000 கி.மீ. வேகம் என்று கணக்கிட்டார்கள். ஆகவே முழுமைக்குச் சில நிமிடங்கள் முன்பே பதிவை ஓடவிடுங்கள்.

நிலவு முழுதும் படச்சட்டத்துக்குள் அடங்க வேண்டும். தொலைநோக்கியின் குவியத்தூரத்தை (ஃபோகல் லெங்த்) 110-ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலவின் அளவு கிடைக்கும்: 500 மி.மீ. என்றால் ஏறக்குறைய 4.5 மி.மீ. சென்சார் சிறியதென்றால் குவியத்தூரத்தைக் குறைக்கும் லென்ஸான ஃபோகல் ரெட்யூசர் போடுங்கள். கருப்பு வெள்ளை கேமரா நல்லது, நொடிக்கு 25 அல்லது 30 ஃபிரேம். பக்கத்து நட்சத்திரம் ஒன்றை வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். மங்கிய நட்சத்திரங்கள் தெரியும்வரை கெயினை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றலாம்; நிலவின் பிரகாசமான ஓரம் வெளுத்துப் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட் நிலவின் வேகத்தில் ஓடட்டும்.

வீடியோவைச் சுருக்காமல் சேமிக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சுருக்கும்போது மங்கலான ஒளிப்புள்ளிதான் முதலில் காணாமல் போகும். கணினிக் கடிகாரத்தை ஜி.பி.எஸ். நேரத்தோடு பொருத்திவிடுங்கள், நொடி பிசகினால் மற்றவர் பதிவோடு ஒப்பிட முடியாது.

அப்புறம்தான் உண்மையான வேலை. லூனார்ஸ்கேன் போன்ற மென்பொருள் சந்தேகப் புள்ளிகளைப் பொறுக்கித் தரும், ஆனால் ஒவ்வொன்றையும் நம் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். ஒரே ஃபிரேமில் கூர்மையாகத் தோன்றி மறைந்தால் விண்வெளியிலிருந்து வந்து சென்சாரில் படும் காஸ்மிக் கதிராக இருக்கலாம். நகர்ந்தால் செயற்கைக்கோள். மோதல் ஒளியோ சட்டென்று எழுந்து, அதே இடத்தில் நின்றபடி மங்கும். அப்படி ஒன்று சிக்கினாலும் நான் உடனே அறிவிக்க மாட்டேன். பல கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் எடுத்த வீடியோவில், அதே நேரத்தில், நிலவின் அதே இடத்தில் அந்தப் புள்ளி இருக்க வேண்டும். அதனால் கிரகணத்துக்கு முன்பே வேறு ஊர் நண்பர் ஒருவரோடு பேசி, இருவரும் சேர்ந்து பதிவு செய்யுங்கள்.