இரவுக் கூத்துக்கு ஒரு சின்னக் கமரா: எதைப் பார்த்து வாங்குவது?

மட்டக்களப்பில் கூத்தைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவருக்குப் பகலில் பெரிதாக வேலை இல்லை. அரங்கேற்றம் இரவில் தொடங்கினால் விடியும்வரை போகும். ஆட்டம் நடக்கும் களரியைச் சுற்றிச் சில லைட்டுகள், நாலு பக்கமும் சனம். பெரிய கமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றால், பின்னால் பாயில் இருக்கும் அம்மாமார் ஏசுவார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. அதனால்தான் சட்டைப் பைக்குள் அடங்கும் கமரா ஒன்றைத் தேடினேன். ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: சென்சர்

மெகாபிக்சல் கணக்கை மறந்துவிடுங்கள். சென்சர் என்பது கமராவுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லு. மலிவான சின்னக் கமராக்களில் இருக்கும் 1/2.3 அங்குல சென்சர் ஏறத்தாழ 6.2 × 4.6 மில்லிமீற்றர். 1 அங்குல சென்சர் என்று விற்கப்படுவது 13.2 × 8.8 மில்லிமீற்றர், அதாவது பரப்பில் நாலு மடங்கு. களரி வெளிச்சத்துக்கு இதற்குக் கீழே போகவேண்டாம். பெயரில் உள்ள அங்குலத்தை விட்டுவிட்டு, விவரப் பட்டியலில் மில்லிமீற்றரைப் பாருங்கள்.

படி 2: லென்ஸில் எழுதியிருக்கும் இரண்டாவது எண்

எனக்கு அதிக நேரம் எடுத்தது இந்தப் படிதான். கமராவின் முன்பக்கம் 1.8–4.9 என்று ஏதாவது எழுதியிருக்கும். இது லென்ஸ் திறப்பைச் சொல்லும் எஃப் எண், எண் கூடக் கூடத் திறப்பு சின்னதாகும். கடைக்காரர் 1.8ஐத்தான் சொல்லுவார். அது ஸூம் செய்யாதபோது மட்டும். முழுதாக ஸூம் செய்தால் லென்ஸ் திறப்பு 4.9க்குச் சுருங்கிவிடும். கூத்தில் ஸூம் செய்யாமல் எடுத்தால் ஆட்டக்காரர் சின்னதாகவும், களரி மண்ணும் முன்வரிசைத் தலைகளும் பெரிதாகவும் வரும். எனவே உங்களுக்குத் தேவை இரண்டாவது எண்.

கணக்கு இப்படி: 4.9ஐ 2.8ஆல் வகுத்து, வருவதை அதே எண்ணால் பெருக்குங்கள். கிட்டத்தட்ட 3 வரும். ஸூம் முனையில் 2.8 தரும் லென்ஸ், 4.9 தருவதைவிட மூன்று மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஒன்றில் ஐஎஸ்ஓ 1600இல் எடுக்கிற அதே படத்துக்கு மற்றதில் 5000 வரை போகவேண்டும். பின்னால் இருட்டாக இருக்கும்போது ஆட்டக்காரரின் முகத்தில் அந்த வித்தியாசம் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

புதியதும் விலை கூடியதும்தான் நல்லது என்ற நினைப்பும் இங்கே உடைகிறது. சோனி ஆர்எக்ஸ்100இன் மூன்றாம் மொடல் 2014இல் வந்தது. ஸூம் 24–70 மில்லிமீற்றர் (எண் கூடினால் ஆள் கிட்டே தெரிவார்), எஃப் 1.8–2.8. ஏழாம் மொடல் 2019இல் வந்தது. 24–200, எஃப் 2.8–4.5. பகலில் கொக்கட்டிச்சோலைத் தேரோட்டம் எடுக்க ஏழாவது அருமை. இரவுக்குப் பழையதுதான் கெட்டி.

என் பார்வையில் தேர்வு மூன்று. கெனன் ஜி7 எக்ஸ் மார்க் 2 (2016) 100 வரை ஸூம் செய்தாலும் எஃப் 2.8 தருகிறது, எண்களை மட்டும் பார்த்தால் இதுதான் முதலிடம். ஆனால் அதில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை. இருட்டில் பின்திரை ஒரு சின்ன டோர்ச் மாதிரி எரியும், பின்னால் இருப்பவர்களுக்குத் தொந்தரவு. ஆர்எக்ஸ்100 மூன்றில் வியூஃபைண்டர் மேலே எழும்பி வரும், திரையை அணைத்துவிட்டு எடுக்கலாம். நான் அதைத்தான் எடுப்பேன். பானசோனிக் எல்எக்ஸ்100இன் சென்சர் இன்னும் பெரியது, வியூஃபைண்டரும் உண்டு, ஆனால் சட்டைப் பைக்குள் அடங்காது.

ரிக்கோ ஜிஆர் 3 பற்றி ஒரு வரி: சென்சர் மிகப் பெரியது, ஸூமே இல்லை. கூத்தை நடத்தும் அண்ணாவியாருக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கிறவர்கள் யோசிக்கலாம்.

படி 3: பாவித்த கமராவைச் சோதித்தல்

இவற்றில் பலவற்றைப் பாவித்ததாகத்தான் தேடவேண்டியிருக்கும். சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். கடையின் இருட்டான மூலையில் முழு ஸூம், ஐஎஸ்ஓ 3200, 1/125 வைத்து நடந்து போகிற ஒருவரை எடுங்கள். வீட்டுக்கு வந்து கணினியில் முழு அளவில் பாருங்கள். லென்ஸுக்குள் போன் டோர்ச்சை அடித்துப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் அது சுலபமாகப் பிடிக்கும். லென்ஸ் வெளியே வரும்போது கரகரவென்று சத்தம் கேட்டால் உள்ளே மணல் இருக்கலாம். கல்லடிக் கடற்கரைக்குப் போய்வந்த கமராவாக இருக்கும், விட்டுவிடுங்கள்.

படி 4: களரியில்

ஃப்ளாஷையும், ஃபோக்கஸுக்காக எரியும் செம்மஞ்சள் லைட்டையும், பீப் சத்தத்தையும் நிறுத்திவிடுங்கள். ரோவில் (RAW, கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கள். பாத்திரம் களரிக்குள் வரும் வரவு ஆட்டத்தில் சுழலும்போது 1/250 வேண்டும். நின்று தரு (கூத்துப் பாட்டு) பாடும்போது 1/100 போதும். நடுக்கம் தடுக்கும் வசதி உங்கள் கையைத்தான் சமாளிக்கும், ஆட்டக்காரரின் காலை அல்ல. வடமோடி என்ற கூத்து வகையில் அணியும் கிரீடத்தின் மினுக்கங்கள் வெள்ளையாக வெடித்துப்போகாமல் இருக்க எக்ஸ்போஷரை முக்கால் படி குறைத்துக்கொள்ளலாம். ஃபோக்கஸ் தடுமாறினால் முகத்தை விட்டுக் கிரீடத்தின் விளிம்பில் வையுங்கள்.

பிறகு சேர்த்தது

படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் வருகின்றன என்று சிலர் கேட்டார்கள். கமராவில் பிழை இல்லை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடி லைட் செக்கனுக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை நிறுத்திவிட்டு 1/100 அல்லது 1/50 வையுங்கள். மெக்கானிக்கல் ஷட்டரில் 1/250 வைத்தால் பட்டை குறையும், ஆனால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரலாம். நாலைந்தை அடுத்தடுத்து எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

போனின் இரவு முறை போதாதா என்றும் கேட்டிருந்தார்கள். அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. கல்லடிப் பாலத்து லைட்டுகளுக்கு நன்றாக வரும். சுழன்று ஆடுகிறவருக்குச் சரிவராது.

பற்றரி இரண்டாவது ஒன்று கட்டாயம். ஆர்எக்ஸ்100 மூன்றுக்கு வேண்டியது என்பி-பிஎக்ஸ்1. முதல் மொடலிலிருந்து ஏழாவது வரை அதே பற்றரிதான், தேட அலையவேண்டாம்.